காலியாக விட்ட நாமினி கட்டம்

கிளைக்குப் புதிதாக வந்திருக்கும் ஏஜெண்டுகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆளுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்திருப்பார்கள். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள். பாலிசி பிடிப்பது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். சிரித்த முகமாக இருக்கவேண்டும், கழுத்தில் டை கட்டவேண்டும் என்றெல்லாம். கட்டிக்கொள்ளுங்கள். விருதுநகர் வெயிலில் எத்தனை நாள் கட்டுகிறீர்கள் என்று நானும் பார்க்கிறேன்.

நான் எழுதப்போவது விண்ணப்பத்தில் இருக்கும் ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி. நாமினி கட்டம். பாலிசிதாரர் இறந்துபோனால் பணம் யார் கைக்குப் போகவேண்டும் என்று பேர் எழுதும் இடம். இப்போது அதைக் காலியாக விட்டால் கவுன்ட்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். என் காலத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். விருதுநகரில் மிளகாய் வற்றல் மூட்டைகள் அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கிக்கு மேலே வாடகை அறை. காலையில் எழுந்ததும் முதல் வேலை பத்துத் தும்மல் போடுவது. பிறகு சிவகாசி பஸ். சிவகாசியில் ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு நாள் நாரணாபுரம், ஒரு நாள் எம். புதுப்பட்டி, ஒரு நாள் தாயில்பட்டி. பட்டாசுப் பட்டறைகள் அப்போது இன்று போலப் பெருகியிருக்கவில்லை. பட்டறை வாசலில் நான் சைக்கிளை விட்டு இறங்கியதும் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும்.

"ஏலே, எமனோட கணக்குப்பிள்ளை வாராருலே. வேலையப் பாருங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மனதுக்குள் சுருக்கென்றிருக்கும். இந்தத் தொழிலில் முதலில் பழகவேண்டியது தனிமைதான். சாவைப் பற்றிப் பேச வருகிறவனை யாரும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துச் சோறு போட மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை வரும். போனால் தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது போவது நல்லது என்று நானே தெரிந்துகொண்டேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆடியில் சீசன் சூடு பிடித்துவிட்டால் தீபாவளி வரைக்கும் இன்சூரன்ஸ் பேச்சை எடுக்கக்கூடாது. "மருந்துல கைய வச்சுக்கிட்டு சாவுப் பேச்சு ஆகாது சார், தீவாளி கழியட்டும்" என்பார்கள். எடுத்தால் அன்று பட்டறையில் பாதிப் பேர் வேலைக்கு உட்கார மாட்டார்கள். தீபாவளிக்கு போனஸ் கையில் வரும். அடுத்த வாரமே ஏலச்சீட்டுக்காரர், பாத்திரக்கடைக்காரர், நகைக்கடைக்காரர் எல்லாரும் வந்துவிடுவார்கள். இடையில் இருக்கும் ஏழெட்டு நாள்தான் எனக்கு.

என்னைத் தொழிலில் சேர்த்த இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். வெற்றிலைக் காவிப் பல், முரட்டு வாய். முதல் வருஷமே என் விண்ணப்பக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திட்டினார்.

"மாசாமாசம் பிரீமியம்னு எழுதியிருக்கியே, கூறு இருக்கா? கார்த்திகை மழையில பட்டறை மூடிக் கெடக்கும். அவன் கஞ்சிக்கு எங்கன போவான், உனக்கு எங்கன இருந்து கட்டுவான்? வருசத்துக்கு ஒருக்க, போனஸ் கைக்கு வர்ற வாரத்துல தேதிய வையி. பாலிசி எழுதுறவன் ஏஜெண்டு இல்லலே. ரெண்டாவது வருசப் பிரீமியத்த வாங்குறவன்தான் ஏஜெண்டு."

இந்தப் பாடம் உங்களுக்கு இன்றைக்கும் உதவும். ஆளுடைய வருமானம் எப்போது வருகிறது என்று தெரியாமல் அவனுக்குச் சேமிப்பைப் பற்றிச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர் சொன்னபடியே செய்தேன். என் பாலிசிகள் பாதியில் நிற்பது குறைந்தது. ஆனால் எல்லா விண்ணப்பத்தையும் ஏழெட்டு நாளில் எழுதி முடிக்கவேண்டியிருந்ததால் எனக்கு ஓர் அவசரம் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த அவசரத்தில்தான் மாடசாமியின் விண்ணப்பத்தை எழுதினேன்.

மாடசாமி தாயில்பட்டிக்காரர். பட்டறையின் மருந்து அறையில் வெடிமருந்து கலக்கும் வேலை. தொழிலுக்கென்று கூடுதல் பிரீமியம் கேட்டார்கள். அதையும் கட்டுகிறேன் என்றார். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாமினி கட்டத்துக்கு வந்தபோது பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"இப்ப ஆத்தா பேர எழுதிட்டுத் தையில மாத்துனா ஆத்தா ஊரக் கூட்டிருவா சார். பொண்ணு பேர எழுதுனா, மாலை விழுகுறதுக்கு முன்னாடியே சாவுக் காயிதத்துல பேரு ஏறிருச்சேம்பாக. அந்த இடத்தச் சும்மா விடுங்க. கல்யாணம் முடியவும் சொல்லுதேன்."

நியாயமாகத்தான் பட்டது. இன்னும் நாலு வீடு போகவேண்டியிருந்தது. சும்மா விட்டேன். தையில் கல்யாணம் நடந்தது. பந்தி நேரத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். புது மாப்பிள்ளையிடம் அந்தப் பேச்சை எடுக்க மனம் வரவில்லை. சித்திரையில் ஒரு தடவை பார்த்தேன். கூட ஆள் இருந்தார்கள். பிறகு ஆடி வந்துவிட்டது. ஆடி வந்த பிறகு பேச முடியாது என்று சொன்னேன் அல்லவா. தீபாவளி கழியட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின மாதம் மருந்து அறையில் தீப்பிடித்து மாடசாமி போய்விட்டார்.

தாயில்பட்டியில் மிஷன் மருந்தகம் ஒன்று இருந்தது. அதன் நர்சு கனகமணிதான் எனக்கு விவரம் சொன்னது. அதற்கு முன்னால் நாங்கள் பேசிப் பழகியதில்லை. மருந்தகத்துக் கிணற்றில் நான் தண்ணீர் குடிக்கப் போகும்போது தலையசைப்பதோடு சரி. அன்று நான் சைக்கிளை நிறுத்தியதும் வெளியே வந்து நின்றாள்.

"சிவகாசிக்கு லாரியில ஏத்துற வரைக்கும் எங்கிட்டதான் சார் இருந்தாரு. இன்சூரன்ஸ் சாருகிட்டப் பேரு எழுதச் சொல்லுங்க, பேரு எழுதச் சொல்லுங்கன்னு ரெண்டு தடவ சொன்னாரு. யாரு பேருன்னு கேட்டேன். அதுக்குள்ள நெனவு தப்பிருச்சு."

பேர் இல்லாததால் ஆபீசில் பணம் கொடுக்கவில்லை. கோர்ட்டில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். தன் பேரைத்தான் சொல்லியிருப்பான் என்று தாய் சொன்னாள். இல்லை, தன் பேரைத்தான் என்று மனைவி சொன்னாள். அதுவரை ஒரே பானையில் பொங்கித் தின்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு வக்கீல் வைத்தார்கள். இரண்டு வருஷம் இழுத்தது. சட்டப்படி ஆளுக்குப் பாதி கிடைத்தது. அந்தப் பெண் பாதிப் பணத்தோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். தாய் தனியாகக் கிடந்தாள். நான் அந்தத் தெருவழியாகப் போவதை நிறுத்திக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கனகமணி என்னைச் சும்மா விடவில்லை. "தண்ணி குடிக்க மட்டும் இங்கன வாரீக, அந்த அம்மாவ ஒரு எட்டுப் பாத்துட்டுப் போனா என்ன?" என்று கேட்டாள். போனேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி வந்ததும் கனகமணி எனக்கு மோர் கொடுத்தாள். அன்றிலிருந்து தாயில்பட்டி போகும் நாளெல்லாம் மருந்தகத்தில் ஒரு தம்ளர் மோர் இருக்கும். "சாப்பிட்டீகளா?" என்று கேட்பாள். அந்த வட்டாரத்தில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

அவளுக்கு அப்பா அம்மா இல்லை. ஒரே அண்ணன் கொழும்பில் கடை வைத்திருந்தார். சம்பளம் வாங்குகிற பெண்களுக்குத்தான் அப்போது பாலிசி சுலபமாகக் கிடைக்கும். நானாகக் கேட்கவில்லை, அவளே ஒரு நாள் இருபது வருஷப் பாலிசி ஒன்று வேண்டும் என்றாள். விண்ணப்பத்தை எழுதிக்கொண்டே வந்து நாமினி கட்டத்தில் நின்றேன்.

"அத இப்போதைக்குச் சும்மா விடுங்க சார்" என்றாள்.

"சும்மா விடக்கூடாதும்மா. மாடசாமிக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்கதான் பாத்தீங்களே. நாளைக்கே வேணும்னாலும் மாத்திக்கலாம். இன்னைக்கு ஒரு பேரு வேணும்."

அவள் மோர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "அப்ப நீங்களே ஒரு பேரு சொல்லுங்க" என்றாள்.

எனக்குப் புரியாமல் இல்லை. நான் ஒன்றும் அவ்வளவு மக்கு அல்ல. அவளும் வேதக்கோயிலுக்குப் போகிற பெண், நானும் ஞாயிறு தவறாமல் போகிறவன். சபையிலோ சாதியிலோ எந்தத் தடையும் இல்லை. தடை என் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தில் இருந்தது. அதில் என் வாழ்க்கைத் திட்டத்தை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். முதலில் தங்கை கல்யாணம். பிறகு என் பத்து வருஷப் பாலிசி முதிர்வது. அந்தப் பணத்தில் விருதுநகரில் ஒரு சின்ன வீடு. அதற்குப் பிறகு கல்யாணம். மிளகாய் நெடிக்குள் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து குடிவைப்பதா என்று நினைத்திருந்தேன். என் பாலிசி முதிர இன்னும் ஏழு வருஷம் இருந்தது.

"அண்ணன் பேரு என்னம்மா?" என்று கேட்டேன். அவள் சொன்னாள். எழுதினேன்.

அதற்குப் பிறகும் மோர் நிற்கவில்லை. மூன்றாவது வருஷம் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. கடையை விரிக்கப் பணம் வேண்டுமாம். பாலிசியைச் சரண்டர் செய்துவிடப் போகிறேன் என்று கனகமணி எனக்குக் கார்டு போட்டாள். அன்றே புறப்பட்டுப் போனேன். சித்திரை வெயில், சைக்கிள் டயர் வெடித்துப் பாதி வழி உருட்டிக்கொண்டு போனேன். நீங்களும் ஒரு நாள் இப்படிப் போகவேண்டிவரும். மூன்றாவது வருஷத்தில் சரண்டர் செய்தால் கட்டின பணமே முழுசாகத் திரும்பாது. மரம் வேர் பிடிக்கிற சமயத்தில் பிடுங்கிப் பார்க்கிற வேலை அது. பாலிசியின் மேலேயே ஒரு சின்னக் கடன் எடுத்து அண்ணனுக்கு அனுப்புங்கள், அதற்கு மேல் அவர் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள், பாலிசி உங்களுடைய வயதான காலத்துக்கு என்று ஒரு மணி நேரம் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டாள். நான் சொன்னபடியே செய்தாள். அண்ணனுடைய கடை அடுத்த வருஷம் மூடிப்போனது. பாலிசி பிழைத்தது.

அன்று பேசி முடித்தபோது அவள் கேட்டாள்.

"பொறுத்தா எல்லாம் சரியாயிருமா சார்?"

"பணத்துக்குப் பொறுமைதாம்மா உரம்."

"பணத்துக்குச் சரி" என்றாள். பிறகு, "எம்புட்டு வருசம் பொறுக்கணும்?" என்று கேட்டாள்.

"உங்க பாலிசிக்கு இன்னும் பதினேழு வருஷம்."

அவள் சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். நான் நல்ல நகைச்சுவை சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு டயர் ஒட்டப் போனேன்.

இதற்கிடையில் தங்கை கல்யாணம் முடிந்தது. காகிதத்தில் முதல் வரியை அடித்தேன். சிவகாசி பஜாரில் ஏலச்சீட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். என்னிடம் பாலிசி எடுத்தவர்கள் தப்பித்தார்கள். எமனுடைய கணக்குப்பிள்ளை என்று கூப்பிடுவது நின்று "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் சொன்னதெல்லாம் பலித்துக்கொண்டு வந்தது. அதனால் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. காத்திருக்கத் தெரிந்தவன் எதையும் இழக்க மாட்டான் என்று நானே நம்பிவிட்டேன். அறைக்குத் திரும்பினால் பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள்தான் கஷ்டம். ஓட்டல்களும் பாதி மூடியிருக்கும். அதையும் ஒரு தவணை என்று எடுத்துக்கொண்டேன்.

என் பாலிசி முதிர இரண்டு வருஷம் இருக்கும்போது கனகமணியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "நாமினி மாற்றும் படிவம் ஒன்று கொண்டுவரவும்." அவ்வளவுதான் எழுதியிருந்தது.

மூன்று முறை வாசித்தேன். அவளே கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது. வீடு ஒன்றும் ஓடிப்போகாது, இரண்டு வருஷம் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே குடும்பம் நடத்தலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. சலவைச் சட்டை போட்டேன். சாத்தூர் சேவு ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸிலும் சைக்கிளிலும் வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

மருந்தகத்தில் மோர் தயாராக இருந்தது. படிவத்தை மேஜைமேல் வைத்தேன்.

"யாரு பேரும்மா எழுதணும்?" என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"சாமுவேல்னு எழுதணும் சார். தூத்துக்குடிப் பக்கம் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருக்காக. மொதத் தாரம் தவறிட்டாக. ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு." அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. வார ஞாயித்துக்கிழமை மூணாவது."

எங்கள் சபை வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை பெண் பேரை வாசித்து, யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று கேட்பார்கள். மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் முடிந்தது.

நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன். அவள் அப்போது நிமிர்ந்து பார்த்தாள்.

"கல்யாணம் முடியட்டும்னு விட்டுறலாமா சார்? இல்ல, இன்னைக்கே எழுதிறணுமா?"

கேட்டுவிட்டு அவள் அவசரப்படவில்லை. வாசலில் நோயாளிகள் யாரும் இல்லை. எனக்கு நேரம் இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகளும் இருந்தன. ஆனால் என் வாயில் வந்தது, இத்தனை வருஷமாக நூறு வீட்டில் சொல்லிப் பழகின வார்த்தை.

"இன்னைக்கே எழுதிருங்கம்மா. தள்ளிப்போடக் கூடாது."

"நீங்க சொன்னாச் சரிதான்" என்றாள். "பேர நீங்களே எழுதுங்க. உங்க எழுத்து நல்லா இருக்கும்."

எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும். அங்கே வேறு ஆள் இல்லை; நானே போட்டேன். சிவகாசி வந்து வாடகை சைக்கிளை விடும்போதுதான் சேவுப் பொட்டலம் பையிலேயே இருப்பதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை விருதுநகர்க் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். இந்நேரம் தாயில்பட்டியில் வாசித்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்தது. எழுந்து போவதற்கு அது பக்கத்தில் இல்லை. முந்தின நாளே புறப்பட்டிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

இரண்டு வருஷத்தில் என் பாலிசி ஒரு காசு குறையாமல் முதிர்ந்தது. போட்ட திட்டப்படி வீடு வாங்கினேன். மிளகாய் நெடி இல்லாத, காற்றோட்டமான வீடு. குடிபோன அன்று நான் போட்ட தும்மல் எல்லா அறையிலும் கேட்டது. காகிதத்தில் மூன்றாவது வரியையும் அடித்தேன். நாலாவது வரியை அடிக்கவும் இல்லை, காகிதத்தைக் கிழிக்கவும் இல்லை.

கனகமணியின் பிரீமியம் வருஷம் தவறாமல் தீபாவளி சமயத்தில் மணியார்டரில் எனக்கு வரும். கீழே இருக்கும் சின்ன இடத்தில் "சுகமா இருக்கீகளா, சாப்பிட்டீகளா" என்று எழுதியிருப்பாள். நான் பணத்தைக் கட்டி ரசீதை அனுப்புவேன். ரசீதோடு ஒரு வரி எழுதலாம், எழுதியதில்லை. இருபது வருஷமும் கட்டி முடித்து முழுப் பணத்தையும் வாங்கினாள். நான் எழுதின பாலிசிகளில் அவ்வளவு ஒழுங்காக நடந்தது வேறு கிடையாது.

ஆகவே இதுதான் நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது. வருமானம் வரும் நாளைப் பார்த்துத் தவணை வையுங்கள். மூன்றாவது வருஷம் சரண்டருக்கு வருகிறவரைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். நாமினி கட்டத்தை ஒரு நாளும் காலியாக விடாதீர்கள். பணத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காக்க வைக்கலாம், அது ஒன்றும் நினைத்துக்கொள்ளாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள், உங்கள் முகத்தைப் பார்த்து, நீங்களே ஒரு பேர் சொல்லுங்கள் என்று கேட்டால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கேட்டது படிவத்தைப் பற்றித்தானா என்று யோசியுங்கள். நானும் யோசித்தேன். என்ன பேர் சொல்லவேண்டும் என்றும் தெரிந்திருந்தது. அண்ணன் பேரை எழுதினேன்.